பற்று வரவு

போன வருடம் ஒரு மதியம், உடற்கல்வியில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு பெண் எங்கள் தமிழ்த்துறைக்கு வந்து என் மேசைமேல் ஆறு பக்கத் தாள்களை வைத்தார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேலை பார்க்கும் விளையாட்டுப் பயிற்றுநர்களின் பணித் திருப்தி, நிறுவனத்தின் மேல் அவர்களுக்குள்ள ஈடுபாடு என்பது அவருடைய தலைப்பு. வினாநிரல் ஆங்கிலத்தில் இருந்தது. ஓசூரிலும் தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் மைதானத்தில் நிற்கிறவர்களிடம் கொடுக்க அது தமிழில் வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசினாலும் எழுதப் படிக்கத் தமிழ்தான் என்கிறவர்கள் இங்கே நிறைய. “மேடம், நீங்க கவிதை எழுதறவங்க, உங்களுக்கு இது ஒரு மணி நேர வேலை” என்றார். மூன்று வாரம் ஆயிற்று.

திருப்தி சிக்கல் தரவில்லை. அடுத்த சொல்லில்தான் நின்றுவிட்டேன். ஒருவர் தான் வேலை செய்யும் இடத்தோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறார் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் போதுமாக இருக்கிறது. தமிழில் ஈடுபாடு என்றால் அது விளையாட்டின் மேலா, வேலை கொடுத்தவர் மேலா என்று தெரியவில்லை. அர்ப்பணிப்பு என்று எழுதினால் கேள்வியிலேயே தியாக வாடை வந்துவிடுகிறது. விசுவாசம் பண்ணை வீட்டு வாசலில் கைகட்டி நின்ற சொல். கடைசியில் ‘நிறுவனப் பற்று’ என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் அப்பாவின் மளிகைக்கடை நோட்டு ஞாபகம் வந்தது. அதில் பற்று என்ற தலைப்பின் கீழ் இருப்பது பாக்கி. எதிர்ப்பக்கத்தில் வரவு. வாங்கியவர் யார், தர வேண்டியவர் யார் என்பது தெரியாமல் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியாது.

மொழிபெயர்த்ததைச் சோதித்துப் பார்க்க, ஓசூர் வட்டாரத்தில் ஒரு பள்ளி மைதானத்துக்கு ஆய்வாளரோடு நானும் போனேன். பகுதிநேர உடற்கல்வி ஆசிரியை ஒருவர், நாற்பதை நெருங்குகிறவர், வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் படித்தார். ‘இந்த நிறுவனத்தில் பணிபுரிவதில் எனக்குப் பெருமை உண்டு’ என்ற மாதிரியான வரி வந்ததும் நிமிர்ந்தார்.

“எந்த நிறுவனம், மேடம்?”

வாரத்தில் மூன்று அரை நாள் அரசுப் பள்ளி. மற்ற நாட்களில் சாயங்காலம் ஒரு தனியார் அகாடமியில் சிறு பிள்ளைகளுக்கு ஓட்டம். வருடத்துக்கு ஒரு முறை சிப்காட்டில் ஏதாவது ஒரு கம்பெனியின் தொழிலாளர் விளையாட்டு விழாவுக்கு நடுவர். இந்த மூன்றில் எதைப் பற்றிப் பதில் எழுத வேண்டும் என்று அவர் உண்மையாகவே கேட்டார். ஆய்வாளர் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

வினாநிரலுக்கே ஒரு வரலாறு இருக்கிறது. தொழிலாளி வேலையை விட்டுப் போய்விடுவானா என்ற கவலையில், 1970களில் அமெரிக்க மேலாண்மையியலாளர்கள் நிறுவனப் பற்றை அளக்கத் தொடங்கினார்கள். 1991இல் ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இருவர் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: விரும்பி இருப்பது, விட்டால் இழப்பு என்பதால் இருப்பது, இருக்க வேண்டியது கடமை என்பதால் இருப்பது. வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவிகள் சிரித்துவிட்டார்கள். கல்யாணத்தைப் பற்றித்தானே சொல்கிறீர்கள் என்றாள் ஒருத்தி.

இந்த அளவுகோலை மைதானத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பாக்கியநாதன் செல்லதுரை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வணிகவியலும் உடற்கல்வியும் படித்துவிட்டுக் கனடா போனவர். விளையாட்டு மேலாண்மை என்கிற துறையை உருவாக்கியவர்களில் ஒருவராக மதிக்கப்படுகிறவர். 2003இல் ஒகசவாராவோடு சேர்ந்து அமெரிக்க, ஜப்பானியப் பல்கலைக்கழகப் பயிற்றுநர்களின் திருப்தியையும் பற்றையும் ஒப்பிட்டு எழுதினார். தொழில் மேல் உள்ள பற்று வேறு, நிறுவனத்தின் மேல் உள்ள பற்று வேறு என்று அங்கே தனித்தனியாகப் பார்க்கிறார்கள். எங்கள் வேப்ப மரத்தடிக் கேள்விக்கு இந்தப் பிரிப்பு ரொம்பவும் பொருந்தும். ஆனால் அவர்கள் ஆராய்ந்த பயிற்றுநர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. பெயரும் முகவரியும் சம்பள நாளும் உள்ள நிறுவனம். தமிழ்நாட்டுப் பெண் பயிற்றுநரின் வரலாற்றில் காணாமல் போவது அதுதான்.

கொஞ்சம் பின்னால் போகலாம். ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு முறையான படிப்பு அங்கிருந்து வருகிறது. பெண்கள் அதில் சேர்க்கப்பட்டது 1940இல். இருபது ஆண்டுகள் இந்தத் தொழில் ஆண்களின் கையில் உருவாகி, பெயர், சீருடை, விசில், பிரம்பு எல்லாம் முடிவான பிறகு பெண் உள்ளே வருகிறாள். ‘டிரில் மாஸ்டர்’ என்ற சொல்லுக்கு இன்றுவரை பெண்பால் கிடையாது, பி.டி. மாஸ்டர் இருக்கிற பள்ளியில் அவள் ‘பி.டி. மிஸ்’. சுதந்திரத்துக்குப் பின் 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் வந்தது. பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வேறு, போட்டிக்குத் தயார் செய்யும் பயிற்றுநர் வேறு என்ற பிரிவு அதோடு உறுதியாயிற்று. பயிற்றுநருக்குப் பட்டயப் படிப்பு, அதற்கு ஊரைவிட்டுப் போய் விடுதியில் தங்க வேண்டும். எத்தனை வீடுகள் அனுப்பியிருக்கும்? தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992இல் உருவானது. மாவட்டத்துக்கு மாவட்டம் அரங்கமும் பயிற்றுநர் பணியிடங்களும் அதன்வழியே வந்தன.

2012 இந்தக் கதையில் முக்கியமான ஆண்டு. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு எடுத்தது. உடற்கல்வி, ஓவியம், தையல், இசை, கணினி போன்ற பாடங்கள். மாதம் 5,000 ரூபாய். மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை. 2021இல் அது 10,000 ஆயிற்று, 2024இல் 12,500. பணி நிரந்தரம் 2021 தேர்தலில் வாக்குறுதியாகவும் வந்தது. அதைக் கேட்டு அவர்கள் சென்னைக்குப் போவதும், கைதாகி மண்டபத்தில் வைக்கப்பட்டுச் சாயங்காலம் வெளியே வருவதும் நாளிதழ்களில் வழக்கமான செய்தி. கணக்கில் கவனிக்க வேண்டியது இது: மூன்று அரை நாளுக்குத்தான் சம்பளம், ஆனால் ஓட்டப்பந்தயத்துக்குத் தயாராகும் பெண்ணின் உடம்புக்கு வாரத்தில் ஆறு நாள் வேண்டும். மீதி நாட்களை யார் கொடுக்கிறார்கள் என்று எந்த அரசாணையும் சொல்வதில்லை. பிள்ளைகள் மாவட்டப் போட்டியில் ஜெயிக்கும்போது மட்டும் அந்த நாட்களும் பள்ளியின் சாதனையில் சேர்ந்துகொள்கின்றன.

சாந்தி சௌந்தரராஜனைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது. அவரை நாம் வழக்கமாக ஓட்டக்காரராகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம், பதக்கம் பறிக்கப்பட்டவர் என்று. பயிற்றுநராக அவர் வாழ்க்கையைப் படித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள், தலித் குடும்பம். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் பெண்கள் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பிறகு பாலினச் சோதனை, பதக்கப் பறிப்பு. அந்தச் செய்தியை அவரிடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லை. ஊரோடு சேர்ந்து அவரும் தொலைக்காட்சியில் தெரிந்துகொண்டார். தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது. மறு ஆண்டு உயிரை விடும் முயற்சியிலிருந்து தப்பினார்.

அந்தப் பணத்தை வைத்து அவர் செய்ததுதான் நம் விஷயம். புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தொடங்கினார். சில ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவரிடம் ஓடினார்கள். அவர்களில் சிலர் சென்னை மாரத்தானில் பரிசு வாங்கினார்கள். இந்திய விளையாட்டு அமைப்பு அவரை வெளியே தள்ளிய மறு ஆண்டுகளில், எந்த அமைப்பின் பெயரும் இல்லாமல், அவர் அந்த அமைப்புக்கே அடுத்த தலைமுறை ஓட்டக்காரர்களைத் தயார் செய்துகொண்டிருந்தார். ஒப்பந்த அடிப்படையில் கிடைத்த பயிற்றுநர் வேலையும் நிலைக்கவில்லை. 2012இல் அவர் செங்கல் சூளையில் நாள் கூலிக்கு வேலை செய்வது பத்திரிகைகளில் வந்தது. கூலி 200 ரூபாய். 2013இல் பெங்களூரில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் பயிற்றுநர் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். நிரந்தரப் பயிற்றுநர் வேலை கிடைத்தது 2016இல். தோஹாவுக்கும் அந்த உத்தரவுக்கும் நடுவில் பத்து ஆண்டுகள்.

வினாநிரலை இந்தப் பத்து ஆண்டுகளின் முன்னால் வைத்துப் பாருங்கள். 2008இல் சாந்தியிடம் ‘உங்கள் நிறுவனப் பற்று எவ்வளவு’ என்று கேட்டிருந்தால் எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருப்பார்? அவர் பற்று வைத்திருந்தது பிள்ளைகள் மேல், கைக்கடிகாரத்தின் நொடிகள் மேல், அவர்கள் காலையில் வந்து நிற்கிற அந்த மண் மேல். தன்னை நீக்கிய அமைப்பின் மேல் வைத்திருந்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2009இல் காஸ்டர் செமன்யாவுக்கு இதே மாதிரி நடந்தபோது அவருடைய நாடு அவரோடு நின்றது. டூட்டீ சந்த் 2015இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் விதியையே நிறுத்திவைக்க வைத்தார், அப்போது அவருக்குப் பின்னால் இந்திய அரசின் உதவி இருந்தது. சாந்திக்கு அந்தத் துணை எதுவும் வாய்க்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்காக அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

பெண் பயிற்றுநரை அமைப்புகள் இழப்பது வறுமையால் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பணம் வந்தும் இழந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1972இல் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது, ‘டைட்டில் ஒன்பது’ என்று சொல்வார்கள். அதற்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண்களே பயிற்றுநர்கள். சம்பளம் சொற்பம், பலருக்கு அதுவும் இல்லை. சட்டத்தால் பெண்கள் விளையாட்டுக்கு நிதி வந்தது, பயிற்றுநர் பதவிக்கு ஒழுங்கான சம்பளம் வந்தது, அதோடு ஆண்கள் வந்தார்கள். விவியன் அகோஸ்டாவும் லிண்டா கார்ப்பென்டரும் பல பத்தாண்டுகள் எண்ணிப் பதிவு செய்த கணக்கில், 2014இல் பெண்கள் அணிகளுக்குப் பெண் பயிற்றுநர் நூற்றுக்கு 43தான். விளையாடும் பெண்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடிய அதே காலத்தில்! 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வீரர்களில் ஆணும் பெண்ணும் சரிபாதி என்று கொண்டாடினோம். பயிற்றுநர்களில் பெண்கள் நூற்றுக்கு 13 பேர்.

நாசிக்கைச் சேர்ந்த சைலஜா ஜெயின் கதை எனக்குப் பிடித்தது. கொஞ்சம் பழிவாங்கும் சந்தோஷமும் அதில் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் நீண்ட காலம் கபடிப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்திய அணிக்குப் பயிற்சி தர ஆசைப்பட்டார், வாய்ப்பு வரவில்லை. ஈரான் கூப்பிட்டது. பாரசீகம் கற்றுக்கொண்டு, அந்தப் பெண்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதிப் போட்டியில் இந்தியாவை 27-24 என்று தோற்கடித்தார். ஆசியப் பெண்கள் கபடித் தங்கம் இந்தியாவை விட்டுப் போனது அதுதான் முதல் முறை. அவருக்கு நிறுவனப் பற்று குறைவு என்று யாராவது சொல்லக்கூடும்.

மறுபடியும் நம் எல்லைக்கு வருகிறேன். ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். பட்டயப் படிப்புக்குச் சாந்தி போய்ச் சேர்ந்த அதே மாநகரம். எழுபதுகளில் வந்த சிப்காட், எண்பதுகளில் வந்த லாரி, மொபட், கைக்கடிகாரத் தொழிற்சாலைகள், இப்போது செல்போன் பாகங்களும் மின்சார ஸ்கூட்டரும் செய்யும் பெருங்கம்பெனிகள். பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுக்கும் கம்பெனிகள் இவற்றில் உண்டு. 2021இல் போச்சம்பள்ளிப் பக்கத்து ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று அறிவித்தபோது நானும் மகிழ்ந்தேன். உடற்கல்விப் பட்டம் முடித்த என் பழைய மாணவி ஒருத்தி இப்படி ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறாள். பள்ளிக் காலத்தில் மாநில அளவில் நீளம் தாண்டியவள். ஏன் பயிற்றுநர் ஆகவில்லை என்று கேட்டேன். “பி.எஃப். இருக்கு மேடம், இ.எஸ்.ஐ. இருக்கு, பஸ் வீட்டு முனைக்கு வருது. கிரவுண்டுல நின்னா பாத்ரூமே கிடையாது.” திருப்தியைப் பற்றிய எந்தத் தேற்றமும் இதைவிடத் தெளிவாகப் பேசுவதில்லை. ஆய்வாளரின் ஆறு பக்கத்தில் சம்பளம், பதவி உயர்வு, மேலாளர், சக பணியாளர் எல்லாவற்றுக்கும் கேள்வி இருந்தது. கழிப்பறை இல்லை. இருட்டிய பிறகு எப்படி வீட்டுக்குப் போகிறீர்கள் என்பதும் இல்லை.

இன்னொரு கேள்வியும் இல்லை. 2024 ஆகஸ்டில் பர்கூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் போலியாக ஒரு என்.சி.சி. முகாம் நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் இரவு அங்கேயே தங்கினார்கள். பயிற்சியாளர் என்று வந்தவருக்கு என்.சி.சி.யோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளான பிறகே அது வெளியே வந்தது. அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் நினைத்தது, விசிலும் சீருடையும் இருந்தால் ஒரு ஆணை யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதைத்தான். சான்றிதழ் எல்லாம் வைத்திருக்கிற பெண்ணிடம் “கல்யாணம் ஆனா வருவீங்களா?” என்று கேட்கிறார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் விளையாட்டு நிறுவனம், அரங்கம், போட்டி நடக்குமிடம் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதாவது மைதானம் சட்டப்படி பணியிடம். ஆனால் மல்யுத்த வீராங்கனைகள் 2023இல் டெல்லித் தெருவில் உட்கார்ந்த பிறகு பார்த்தால், தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களில் ஏறக்குறைய பாதிக்குச் சட்டம் சொன்ன மாதிரியான புகார்க் குழு இல்லை. தேசிய அமைப்புகளே அப்படி இருக்கும்போது மூன்று அரை நாள் ஆசிரியை எந்தக் குழுவிடம் போவார்?

எங்கள் மாவட்டத்தின் மலைப்பக்கம் இன்னும் பதினைந்து, பதினாறு வயதில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் ஊர்கள் இருக்கின்றன. 2001இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை நீட்டித்த மாவட்டங்களில் தருமபுரி ஒன்று. கிருஷ்ணகிரி அப்போது அதற்குள்தான் இருந்தது, 2004இல்தான் பிரிந்தது. பெண் பிறந்ததே வரமில்லை என்று இருந்த மண்ணில், ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை இன்னும் இரண்டு வருஷம் பள்ளியில் நிறுத்திவைக்க உதவுகிறவர்களில் பி.டி. மிஸ்ஸும் ஒருவர். “மாநிலத்துக்குப் போறா, சர்ட்டிபிகேட் வந்தா வேலைக்கு ஆகும்” என்று பெற்றவர்களிடம் பேசுகிறார். இது அவருடைய வேலை விவரத்தில் இல்லை. செய்யாவிட்டால் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

வேப்ப மரத்தடியில் அந்த ஆசிரியை கடைசியில் வினாநிரலை நிரப்பத் தொடங்கினார். நிறுவனம் என்று வருகிற இடத்தில் எல்லாம் எதை நினைத்துக்கொள்வது என்று ஆய்வாளரிடம் இரண்டு முறை கேட்டார். உங்களுக்கு எது முக்கியமோ அதை என்றார் இவர். நாலாம் பக்கத்தில் இருந்தபோது போன் வந்தது. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன். மகளை நாளைக்குக் கோட்டப் போட்டிக்கு அனுப்ப முடியாது, பெண் பார்க்க வருகிறார்கள் என்கிறார். ஆசிரியை எழுந்து தள்ளிப் போய்ப் பேசினார். முதலில் தமிழில், பிறகு தெலுங்கில், பிறகு அவருடைய மனைவியிடம். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்து, “காலையில நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன், வர்றவங்க சாயங்காலம் வரட்டும்னு ஒத்துக்கிட்டாங்க” என்றார். முதல் பஸ் ஐந்தேகாலுக்கு. அதற்கு அவர் இன்றிரவே தேன்கனிக்கோட்டையில் அக்கா வீட்டில் தங்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தாள் பெஞ்சின் மேல் இருந்தது. கடைசி இரண்டு பக்கம் காலி. ஆய்வாளர் அதன் தலையில் பென்சிலால் ‘முழுமையற்றது’ என்று எழுதித் தனியாக வைத்தார். அந்த மாதிரித் தாள்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம்.